அந்த விரலில் தப்பில்லை

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் ஓவியக் கண்காட்சியில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். "விரலெல்லாம் கோணலா இருக்கு, முறையா படிச்சிருந்தா இந்தத் தப்பு வராது" என்று தானாகவே வரையக் கற்ற ஒரு தம்பியின் ஓவியத்துக்கு முன்னால் நின்று மைக்கில் சொன்னார் சிறப்பு விருந்தினர். இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த விரலில் தப்பே இல்லைங்க.

அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிற பெண்ணின் கை அது. வறுத்த கொட்டையைச் சாம்பலில் புரட்டி, கல்மேல் செங்குத்தாக நிறுத்தி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, தோட்டின் (மேலோட்டின்) இரண்டு பாதியும் சேருகிற விளிம்பில் கட்டையால் தட்டணும். படுக்கவைத்துத் தட்டினால் பருப்பு நொறுங்கும், நொறுங்கிய பருப்புக்கு விலை குறைவு. வருஷக்கணக்கில் அப்படிப் பிடித்த விரல் நேராகவா நிற்கும்? சாம்பல் போட்டாலும் தோட்டிலிருந்து கசிகிற தோட்டெண்ணெய் முழுசாகப் போகாது. பட்ட இடம் வெந்து, கறுத்து, தோல் உரியும். நகத்தைச் சுற்றி அந்தத் தம்பி விட்டிருக்கும் வெளிறிய திட்டு அந்த உரிந்த தோல்தான்.

"படிச்சா நல்லதுன்னு சொன்னது குத்தமா?" என்று கேட்கிறீர்கள். குத்தமில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிற ஓவியக் கல்லூரிகள் நல்ல இடங்கள்தான். ஆனால் இவருக்கு ஒன்றும் தெரியாது என்ற தொனியை எப்படிப் பொறுப்பது? படம் சாக்குத் துணியில் இருக்கிறது. புளியங்கொட்டைப் பசையில் சுண்ணாம்புக்கட்டித் தூளைக் குழைத்து இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்ப்பு. பசையில் துளி மயில்துத்தம் சேர்க்காவிட்டால், இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் பூஞ்சை பிடித்துவிடும். கறுப்பு முழுக்க அதே தோட்டெண்ணெய். பூச்சு சரியில்லை என்றால் கோட்டைச் சுற்றி எண்ணெய் படரும். கனமாக இழுத்தால் மேலே ஆடை கட்டி உள்ளே காயாமலே கிடக்கும். இதையெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றிருக்கிறார். இது படிப்பில்லையா?

போட்டோ எடுத்தால் போதாதா என்றும் ஒருவர் கேட்டார். போதாது. அந்தக் கையைச் சுட்ட எண்ணெய் போட்டோவில் இருக்காது.

குமரி என்றாலே 133 அடி வள்ளுவர் சிலையும் சூரிய அஸ்தமனமும்தானா? விளவங்கோடு பக்கம் விடிகாலையில் தூக்குவாளியோடு நடக்கிற அக்காமாரும் இந்த ஊர்தானே? அவர்கள் கை சுவரில் ஏறியதும் நமக்கு ஏன் கோணலாகத் தெரிகிறது? எனக்கு வலிப்பது அதுதான்.

இப்போது படத்தை உள்ளறைக்கு மாற்றிவிட்டார்களாம். திரும்ப முன்கூடத்தில் மாட்டுங்கள். வெயில் படுகிற சுவர் வேண்டாம், சூட்டில் பிசுபிசுக்கும். யாரும் தொடாதபடி ஒரு கயிறும் கட்டுங்கள், காயாத இடம் பட்டால் தோல் புண்ணாகும்.