கஞ்சத்தனக் கதை

சுனாமி நிவாரணம் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; ‘2004 சுனாமியில் அமெரிக்கா உதவாமல் கைவிரித்தது’ என்று அது சொல்கிறது. ஐ.நா.வின் அவசர நிவாரணத் தலைவராக இருந்த யான் எகலண்ட் அப்போது ‘கஞ்சத்தனம்’ என்றது பணக்கார நாடுகளைப் பொதுவாக. அதில் அமெரிக்காவின் பெயரை ஒட்டியது ஊடகங்கள்தான். அமெரிக்காவின் முதல் உதவி அறிவிப்பு 1.5 கோடி டொலர், மறுநாளே 3.5 கோடி, டிசம்பர் 31இல் 35 கோடி. சேதக் கணக்கு வர வரத் தொகை ஏறுவது எந்த அனர்த்தத்திலும் வழமை.

காசு வந்தவுடன் சோறு வந்துவிடுமா? 10,000 பேருள்ள முகாமுக்கு ஆளுக்கு 400 கிராம் வீதம் நாளொன்றுக்கு 4 தொன் அரிசி வேண்டும். ஆளுக்கு 15 லீற்றர் தண்ணீர் என்றால், 5,000 லீற்றர் பவுசர் 30 நடை ஓடவேண்டும். கரையோரப் பாதை அறுந்து கிடந்தால் அந்த 30 நடையும் பாதியில் நிற்கும், எந்த நாட்டுக் கொடி ஒட்டிய பவுசரானாலும்.

திட்டத்தான் வேண்டுமென்றால் சரியான இடத்தில் திட்டுங்கள். அமெரிக்கா அனுப்பும் உணவு உதவியில் 75 வீதத்தை அமெரிக்கக் கொடிக் கப்பல்களிலேயே (அங்கே பதிவான கப்பல்கள்) ஏற்றவேண்டும் என்று அப்போது அந்நாட்டுச் சட்டம் இருந்தது (2012இல்தான் 50 ஆனது). செலவும் தாமதமும் அங்கேதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை!

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கிணறுகளையும் பாருங்கள். சுனாமியால் உப்பேறிய கிணற்றைச் சுத்தம் செய்யவென்று திரும்பத் திரும்ப மோட்டர் போட்டு இறைத்தால், மணலுக்குள் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை தீர்ந்து, அடியிலிருந்து உவர்நீர் மேலே ஏறும். இறைத்தது வொஷிங்டன் இல்லை, அவசரம்.