வித்த பிறகும் போன் எடுப்பீங்களா?

முந்தாநாள் மத்தியானம் கடைக்கு ஒரு தம்பி வந்தார். கழுத்தில் டை, கையில் பளபளவென்று ஒரு புரோஷர். போட்டோகொப்பி மெஷின் விற்கிற கம்பனி. "அண்ணா, நீங்க இப்ப பாவிக்கிறதை விட எங்கட மெஷின்ல ஒரு கொப்பிக்கு 50 சதம் மிச்சம் பிடிக்கலாம்" என்று கணக்கும் போட்டுக் காட்டினார். கணக்குச் சரிதான். ஆனாலும் வேண்டாம் என்றேன். "ஏன் அண்ணா?" என்று கேட்டார். விற்பனைக்காகக் கேட்ட மாதிரித் தெரியவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். கவுண்டரில் ஆட்கள் நின்றதால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் என் கடை. இரண்டு மெஷின், ஒரு லேமினேட்டர், ஒரு கம்பியூட்டர், அவ்வளவுதான். உயர்தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர், டியூஷன் மாஸ்டர்மார் கொடுக்கிற பாடக் குறிப்பான டியூட், விசாவுக்கு ஓடுகிறவர்களின் கட்டுக்கட்டான டொக்கியுமென்ட். இதில்தான் குடும்பம் ஓடுகிறது.

முதல் மெஷினை ஒரு பெரிய கம்பனியில் வாங்கினேன். வாங்கும் வரைக்கும் மனேஜரே காலையும் மாலையும் போன் எடுத்தார். வாய்க்கு வாய் "சேர்". புது வருசத்துக்குக் கலண்டர் கூட வந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு அந்த மனேஜரின் குரலை நான் கேட்கவே இல்லை.

எங்கள் பக்கம் கடல் காற்று. மழை நாளில் பேப்பர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மெஷினுக்குள் போய்ச் சிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, சிக்கின பேப்பர் சிக்கினபடி மெஷின் நின்றுவிட்டது. ஹொட்லைனுக்கு எடுத்தேன். தமிழுக்கு 2-ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பத்து நிமிஷம் சங்கீதம். பிறகு ஒரு பிள்ளை சிங்களத்தில் பேசினார். 1987-இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அது அரசாங்கத்துக்குத்தான், கம்பனியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சரி. அப்படியென்றால் 2-ஐ ஏன் அழுத்தச் சொல்கிறீர்கள்? எனக்குச் சிங்களம் ஓடும், சமாளித்தேன். பக்கத்துத் தையல் கடை அக்காவுக்கு ஓடாது. அவர் தன் மெஷினுக்குப் போன் எடுக்கவும் என் கடைக்குத்தான் வருவார்.

"ஹெட்ட எவன்னம் சேர்." நாளைக்கு அனுப்புகிறோம். சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிறு ஒபிஸ் பூட்டு. திங்கள் போயா, பௌர்ணமி லீவு. செவ்வாய் காலை திரும்ப எடுத்தால், கம்ப்ளெய்ன்ட் நம்பர் கேட்டார்கள். எனக்கு யாரும் நம்பர் தரவே இல்லை. முதலிலிருந்து கதை சொன்னேன். பின்னேரம் டெக்னீசியன் வந்தார். நல்ல பொடியன். பேப்பர் இழுக்கிற ரப்பர் ரோலர், விரல் அளவுதான் இருக்கும், தேய்ந்து போயிருந்தது. மாற்ற இருபது நிமிஷம். "அண்ணா, இந்த வேலை எனக்கு இண்டைக்குக் காலமதான் வந்தது" என்றார். ஆக அந்த நாலு நாளும் மெஷினிலும் இல்லை, டெக்னீசியனிலும் இல்லை. ஏதோ ஒரு மேசையில் கிடந்திருக்கிறது.

அந்த நாலு நாளில் ஒரு மாஸ்டர் தன் 60 பிள்ளைகளின் டியூட்டையும் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். இன்றுவரை திரும்பவில்லை. மெஷின் பழுதானதற்கு நான் கோபிக்கவில்லை, இரும்பும் ரப்பரும் பழுதாகத்தான் செய்யும். வெள்ளிக்கிழமையே "செவ்வாய்க்குத்தான் வரலாம்" என்று சொல்லியிருந்தால், பக்கத்து ஒழுங்கைக் கடையில் கொடுத்து அடித்து, மாஸ்டரைக் கையோடு வைத்திருப்பேன். "நாளைக்கு" என்ற சொல்லை நம்பி அவரிடம் நானும் "நாளைக்கு" என்றேன். அவர் கண்ணில் பொய்க்காரன் நான்தான்.

கம்பனியின் பக்கமும் எனக்கு விளங்குகிறது. ஒரு வங்கியில் அவர்களுக்கு நாற்பது மெஷின் இருக்கும், என்னிடம் ஒன்று. இருக்கிற டெக்னீசியனை எங்கே அனுப்புவார்கள்? வங்கிக்குத்தான். நான் முதலாளியாக இருந்தாலும் அப்படித்தான் அனுப்புவேன். ஆனால் வங்கியில் மெஷின் நின்றால் கிளார்க் தேத்தண்ணி குடிக்கப் போவார். என் கடையில் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. இன்னொன்று, எங்கள் பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அங்கே "எந்தக் கம்பனி நல்லம்?" என்று யாராவது கேட்டால் அரை மணித்தியாலத்தில் தீர்ப்பு வந்துவிடும். எந்த விளம்பரமும் அதை மாற்றாது.

இதற்கு நேர்மாறு, மொத்த வியாபாரக் கடைகள் இருக்கிற புறக்கோட்டை. மலிபன் வீதிப் பக்கம் நான் பேப்பர் எடுக்கிற ஒரு ஹாஜியார் இருக்கிறார். ஹொட்லைன் இல்லை, கலண்டர் இல்லை, சிரிப்பும் குறைவு. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவுக்கு அங்கால் நின்ற டொலர் மே மாதம் 360-ஐத் தொட்டது நினைவிருக்கும். இறக்குமதிக்கு டொலர் இல்லை, பேப்பர் இல்லை. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே பேப்பர் இல்லாமல் ஒத்திவைத்தார்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வேறு. நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஹாஜியாரிடம் போனேன். வாசலில் இரண்டு பேர் கையில் காசுக்கட்டோடு நிற்கிறார்கள், கேட்ட விலை தரத் தயார். அவர் கடன் கொப்பியை விரித்து வைத்திருந்தார். பழைய ஆட்களின் பெயர் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று எழுதியிருந்தது. "தம்பி, ஒங்கட பங்கு ஒரு பெட்டி இரிக்கி. அதுக்கு மேல கேக்க வேணாம். அடுத்தது எப்ப வரும்னு எனக்குத் தெரியா" என்றார். விலை கூடத்தான். ஏன் கூடியது என்று தான் வாங்கின பில்லைக் காட்டினார். எனக்கு அதைக் காட்ட வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. சுமை தூக்குகிற நாட்டாமியின் தோளில் அந்த ஒற்றைப் பெட்டி வெளியே வந்தபோது, காசுக்கட்டுக்காரர் இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

2024 ஜனவரி 1 முதல் வற் (VAT) வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. டிசம்பர் நடுவிலேயே ஹாஜியார் போன் எடுத்தார்: "ஏலுமெண்டா இந்தக் கிழமை எடுங்க, பொறகு விலை மாறும்." மெஷின் கம்பனிக்காரர் சேவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஜனவரியில் கடிதம் அனுப்பினார்கள், புது வரியைப் போட்டு, ஒரு வரி விளக்கம் இல்லாமல். அந்தக் கடிதம் மட்டும் நாள் தவறாமல் வந்தது. நான் புதுப்பிக்கவில்லை.

இப்போது என் மெஷினைப் பார்ப்பவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவரும் மச்சானும், இரண்டே பேர். அவருடைய டோனர் வெளியில் விற்பதை விட விலை கூட. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் எடுத்தால் பேசுவார். "இண்டைக்கு வரவே ஏலாது. வீடியோ கோல் எடுங்க" என்பார். பக்கக் கதவைத் திறந்து, ஈரத்துணியால் ரோலரைத் துடைத்து, பேப்பரை விசிறிவிட்டு அடுக்கு என்று சொல்லித் தந்தது அவர்தான். அதனால் அவருக்கு இரண்டு மூன்று விசிட் காசு நட்டம். எனக்கு ஒரு நாள்கூடக் கடை பூட்டவில்லை.

நானும் சுத்தம் இல்லை. போன மாதம் ஒரு பிள்ளையின் புரொஜெக்ட் ரிப்போர்ட்டை "பின்னேரம் தாறேன்" என்று வாங்கி வைத்துவிட்டு மறந்து போனேன். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் மாறியது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தம்பி போகும்போது, "கம்பனி நம்பர் வேணாம், உங்கட நம்பரைத் தாங்க" என்றேன். புரோஷரின் பின்பக்கம் எழுதித் தந்தார். நேற்று இரவு எட்டு மணிக்குச் சும்மா எடுத்துப் பார்த்தேன். அடித்து அடித்து நின்றது. சரிதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். இன்று காலை கடையின் ஷட்டரைத் தூக்கும்போது போன். "அண்ணா, ராத்திரி பஸ்ல நிண்டனான், சத்தம் கேக்கேல்ல. என்ன விஷயம்?"

ஒன்றுமில்லை தம்பி என்றேன். மெஷின் இப்போதைக்கு வேண்டாம். நம்பரை சேவ் பண்ணி வைத்திருக்கிறேன்.