லாரின் ஹில் தன் திறமையை வீணடித்தாரா?

ஹிப் ஹாப், சோல் இசை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் ஒரே ஒரு ஆல்பத்தோடு காணாமல் போய்விட்டார் என்ற அங்கலாய்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. 1998க்குப் பிறகு அவர் தனி ஸ்டூடியோ ஆல்பம் எதையும் வெளியிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன்பின் அவர் வாய்மூடி இருந்தார் என்பதை என்னால் ஏற்க முடியாது.

நியூ ஜெர்சியில் வளர்ந்த லாரின், ஹைட்டி வம்சாவளியினரான வைக்லெஃப் ஜான், பிராஸ் மிஷெல் ஆகியோருடன் ஃப்யூஜீஸ் குழுவில் பாடியும் ராப் செய்தும் பெயர் பெற்றார். 1996இல் வந்த 'தி ஸ்கோர்' ஆல்பம் அவர்களை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டே குழு கலைந்தது.

1998இல் வந்த 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' என்ற அவருடைய தனி ஆல்பம், அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு அளிக்கப்பட்ட கல்வியை விமர்சித்து வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1933இல் எழுதிய நூலின் தலைப்பைத் தழுவிய பெயரைக் கொண்டது. பாடல்களுக்கு நடுவே ஒரு வகுப்பறை உரையாடல் ஓடுகிறது; காதல் என்றால் என்னவென்று பிள்ளைகளிடம் கேட்கும் அந்த ஆசிரியரின் குரல், பின்னாளில் நியூவார்க் நகர மேயரான ராஸ் பராக்காவுடையது. கருவுற்றிருந்தபோது பிள்ளையைவிட இசைவாழ்வே முக்கியம் என்று சொன்னவர்களைப் புறந்தள்ளி, தன் மூத்த மகனுக்காக அவர் பாடிய 'டு சயான்' பாடலைத்தான் நான் அதில் முதலிடத்தில் வைப்பேன். தாய்மையைப் பற்றி ஹிப் ஹாப்பில் ஒரு பெண் அவ்வளவு துணிவாகவும் கனிவாகவும் பாடியது அன்று அரிது. அமெரிக்க இசைத்துறையின் பெரிய விருதான கிராமியின் 1999 விழாவில் ஐந்து விருதுகள் கிடைத்தன. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை ஒரு ஹிப் ஹாப் ஆல்பம் பெற்றது அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 23.

ஆனால் அதே ஆல்பத்தில் உழைத்த நான்கு இசைக்கலைஞர்கள், பாடல்களை எழுதியதிலும் தயாரித்ததிலும் தங்களுக்குரிய பங்கு மறைக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார்கள். அது 2001இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதை வெளியிலிருந்து நாம் தீர்ப்பிட முடியாது. இருந்தாலும், நீதி பற்றிப் பாடுபவரிடம் சக உழைப்பாளிகளுக்குரிய அங்கீகாரம் பற்றிக் கேட்பதைக் காழ்ப்பு என்று தள்ளிவிடும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2002இல் வெளியான 'எம்டிவி அன்ப்ளக்டு' மேடை நிகழ்ச்சிப் பதிவைப் பலர் சரிவின் தொடக்கம் என்கிறார்கள். எனக்கோ அவருடைய சமூக அக்கறை பளபளப்பு ஏதுமின்றி வெளிப்பட்டது அங்கேதான் என்று தோன்றுகிறது. கையில் ஒரு கிட்டார், கரகரத்த குரல், நீண்ட பேச்சுகள், நடுவில் கண்ணீர் என்று நீளும் அந்த நிகழ்ச்சி சில இடங்களில் அயர்ச்சி தருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1999இல் நியூயார்க் காவலர்கள் 41 முறை சுட்டதில் உயிரிழந்த, ஆயுதம் ஏதுமற்ற அமடூ டியாலோவை முன்னிட்டு எழுதிய பாடலை அவர் அங்கே பாடும்போது, மெருகு குறைவாக இருப்பதே அந்தப் பாட்டுக்குப் பொருந்துகிறது. 2003 டிசம்பரில், வத்திக்கானில் நடந்த கிறிஸ்துமஸ் கச்சேரி மேடையிலேயே, பாதிரியார்களின் பாலியல் குற்றங்களுக்காகத் திருச்சபை மனம் வருந்த வேண்டும் என்று, கர்தினால்கள் அமர்ந்திருந்த அவையில் பேசினார். விற்பனையை மட்டும் எண்ணுகிறவர் செய்யும் காரியமா அது?

2013இல் வரி செலுத்தாத குற்றத்துக்காக அவர் மூன்று மாதங்கள் சிறையில் இருந்தார். கச்சேரிகளுக்கு மணிக்கணக்கில் தாமதமாக வரும் பழக்கத்துக்கு எந்தக் கொள்கையும் சமாதானம் ஆகாது. நுழைவுச்சீட்டு வாங்கிக் காத்திருந்தவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் 2014இல் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றதை எதிர்த்து அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மக்கள் தெருவில் இறங்கியபோது, 'பிளாக் ரேஜ்' பாடலின் எளிய பதிவு ஒன்றை அவர் இணையத்தில் இலவசமாக வெளியிட்டு அவர்களுக்குச் சமர்ப்பித்ததையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும். இரண்டாவது ஆல்பம் எங்கே என்று கேட்பவர்கள் முதலில் அந்தப் பாடலைக் கேட்டுவிட்டு வரட்டும்.