48 கிலோ உப்பு எங்கே போகும்?

பொறியியல் படித்த எல்லோரும் ஒரு சுற்றுச்சூழல் பேப்பர் எழுதியிருப்போம். 1991-ல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டிக் கல்லூரிகளுக்கு வந்த பாடம் அது. ஐந்து யூனிட்டில் காடு, பல்லுயிர், மாசு, மக்கள்தொகை என்று எல்லாம் வரும். வினா வங்கியைப் படித்தாலே பாஸ். அப்புறம் அந்தப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை.

நான் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் என்ற வகைச் சாயம் ஏற உப்பு வேண்டும். 100 கிலோ துணி, கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வையுங்கள். 800 லிட்டரில் 48 கிலோ உப்பு. இந்தக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் போடுவோம். ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணிக்குத் தள்ளிவிட்டு, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரித்தாலும் கரைந்த உப்பு போகாது, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும் அதற்கு மேல் ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். சாயமேற்றும் வகுப்பில் இதை ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. அது 'வேறு பாடம்'.

திருப்பூரில் அந்த உப்பு நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனை கிணறுகள் கெட்டன! திடீரென மூடியதில் வேலை இழந்த தொழிலாளர்களையும் மறக்க முடியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் நொய்யல் கரையில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். வரப்பு ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஊற்றி, "சோப்புப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார் தோட்டக்காரப் பெரியவர். எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. "இதையெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரமாட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சுற்றுச்சூழலைத் தனிப் பேப்பராக மட்டும் ஒதுக்கி வைக்காதீர்கள் என்றுதான் பேராசிரியர்களைக் கேட்கிறேன். சாயப் பாடத்தில் உப்பையும், அனல்மின் நிலையப் பாடத்தில் சாம்பலையும், சாலைப் பாடத்தில் மழைநீர் போகும் வழியையும் சேர்த்துக் கணக்குப் போட வையுங்கள். வரும் செமஸ்டரிலேயே அந்த 48 கிலோ கணக்குக்குக் கீழே இன்னொரு கேள்வி சேர்க்கலாம்: இந்த உப்பை எப்படித் திரும்ப எடுப்பாய், அதற்கு என்ன செலவாகும்? மதிப்பெண் 16.