ஹெட்ஹன்டர்ஸ் வெறும் பக்கவாத்தியக்காரர்கள் இல்லை

'கமீலியன்' பாட்டு என்றாலே அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் என்கிறோம். 1973இல் வந்த 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் இருப்பதும் அவர் பெயர்தான். ஹெட்ஹன்டர்ஸ் என்ற குழுவாக அவரைச் சுற்றி நின்ற நால்வரையும் (பேஸ் கிட்டாரில் பால் ஜாக்சன், டிரம்ஸில் ஹார்வி மேசன், மற்றத் தாள வாத்தியங்களில் பில் சம்மர்ஸ், ஊது வாத்தியங்களில் பென்னி மாப்பின்) பேசாமல் அந்த ஆல்பத்தைப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

'கமீலியன்' பாட்டின் பிரபலமான பேஸ் வரி, அதாவது அடியில் திரும்பத் திரும்ப வரும் கீழ் ஸ்தாயி வரி, ஹெர்பி ஏஆர்பி ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தது. பி பிளாட் மைனர், ஈ பிளாட் செவன்த், இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து). ஒவ்வொரு கார்டின் மூல சுரத்துக்கும் முன்னால் மூன்று சுரங்கள் அரைப்படி அரைப்படியாக ஏறி வரும். அதற்கு மேலே, கிட்டார் மாதிரி கேட்கிறதே, அது பால் ஜாக்சன் பேஸ் கிட்டாரின் மேல் ஸ்தாயியில் வாசிப்பது. ஆல்பத்தில் கிட்டாரிஸ்டே கிடையாது.

இதை மேடையில் வாசிக்கிற குழுக்கள் சறுக்குவது இங்கேதான். பேஸிஸ்ட் சிந்த் வரியை எடுத்துக்கொள்வார். ஜாக்சனின் வரி அநாதையாகிவிடும், பாட்டு வெறிச்சென்று ஆகிவிடும். சிந்த் வரியைக் கீபோர்டுக்காரரின் இடது கைக்குக் கொடுங்கள், பேஸை மேலே விடுங்கள். ஆள் போதவில்லையா? கிட்டாரிஸ்ட் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அந்த வரியை வாசிக்கட்டும். வேகம் நிமிஷத்துக்கு 95 தாள அடிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அவசரப்பட்டால் அந்த மூன்று சுரங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டிரம்ஸில் ஹார்வி மேசன் விட்ட இடைவெளிகளை ஃபில் (இடத்தை நிரப்பும் குட்டி அடிகள்) போட்டு அடைக்கவே கூடாது.

'வாட்டர்மெலன் மேன்' தொடக்கத்தில் வருவது புல்லாங்குழல் இல்லை, பில் சம்மர்ஸ் ஊதிய பீர் பாட்டில். மத்திய ஆப்பிரிக்கப் பிக்மி மக்கள் ஒற்றைச் சுரக் குழலை ஊதி, இடையிடையே குரல் கொடுக்கிற முறை அது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: பாட்டில் வாயின் குறுக்கே ஊதுங்கள், அடுத்த நொடி குரலில் வேறொரு சுரம். தண்ணீர் கூடினால் சுருதி ஏறும். ஊதலுக்கும் குரலுக்கும் நடுவே மூச்சு வாங்கினால் தாளம் உடைந்துவிடும், அதுதான் கஷ்டம். அந்தப் பாட்டை ஃபங்க் என்ற துள்ளல் தாள இசைக்கு மாற்றி அமைத்த பெருமை மேசனுக்கு.

1974இல் மேசன் இடத்துக்கு மைக் கிளார்க் வந்தார். 'த்ரஸ்ட்' ஆல்பத்தின் 'ஆக்சுவல் ப்ரூஃப்' கேளுங்கள். டிரம் செட்டின் ஹை-ஹாட் (ஜோடித் தட்டு), ஸ்னேர் (சின்ன டிரம்), கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) மூன்றையும் ஒரே நேரத்தில் அடுக்காமல், ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்புகிற மாதிரி வாசித்திருப்பார். ஸ்னேரின் மெல்லிய அடிகள் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகும், ஹெட்ஃபோன் அவசியம்.

ஹெர்பி இல்லாமலும் இவர்கள் நின்றார்கள். 1975இல் குழுவின் பெயரிலேயே வந்த 'சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்'டில் 'காட் மேக் மீ ஃபங்கி' இருக்கிறது. ஹிப்-ஹாப்காரர்கள் அதன் டிரம்ஸைத் திரும்பத் திரும்ப வெட்டி எடுத்தார்கள். அதில் கிட்டார் வாசித்த பிளாக்பேர்ட் மெக்நைட் பின்னாளில் ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவுக்குப் போனார். மேசன் ஃபோர்ப்ளே என்ற ஜாஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். சம்மர்ஸ் நியூ ஆர்லியன்ஸில் லோஸ் ஓம்ப்ரேஸ் காலியென்டேஸ் என்ற குழுவில் வாசித்தார். ஜாக்சன் ஜப்பானில் குடியேறி, 2021இல் மறையும்வரை வாசித்துக்கொண்டே இருந்தார்.

பென்னி மாப்பினைத்தான் நம் ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் அடியில் இருட்டாக ஊர்கிற பேஸ் கிளாரினெட் (கீழ் ஸ்தாயி ஊது வாத்தியம்) அவருடையது. அதைக் கேட்ட கையோடு 1974இல் மாப்பின் பெயரில் வந்த 'த ஜுவல் இன் த லோட்டஸ்' போட்டுப் பாருங்கள். ஃபங்க் வாசித்த அதே மனிதர், அதில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கேளுங்கள்.