ராகியை மட்டும் எடை போட்டால் போதுமா?

கேரளத்து அட்டப்பாடி மலையில் அன்று நடந்த கூட்டத்தில், அவகாடோ (வெண்ணெய்ப்பழம்) கன்று கொடுக்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. ராகியும் துவரையும் பசிக்குப் போடுகிற பயிராம், காசு வேண்டுமென்றால் அவகாடோ வைக்க வேண்டுமாம். இங்கே மேற்கே முக்காலி ஊர்ப் பக்கம் மழை கொட்டும். கிழக்கே சோலையூர், கோட்டத்தறை மழைமறைவு நிலம். ஒட்டு அவகாடோ காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். அதுவரை கோடைத் தண்ணீருக்கு எங்கே போவது?

ராகியை மட்டும் எடை போட்டு நஷ்டம் என்கிறார்கள். நிலத்தின் மொத்த வரவைப் பாருங்கள். கணக்குக்கு அரசின் 2025-26 குறைந்தபட்ச ஆதார விலையை எடுத்துக்கொள்வோம்: குவிண்டாலுக்கு ராகி 4,886 ரூபாய், துவரை 8,000 ரூபாய். ஏக்கருக்கு 6 குவிண்டால் ராகி என்றால் 29,316. ஊடுபயிராக நின்ற துவரை ஒன்றரை குவிண்டால் கொடுத்தால் மேலும் 12,000. அதற்குத் தனி உழவில்லை. இரண்டு கிலோவுக்குள் விதை, பறிகூலி, ஓரிரு மருந்தடிப்பு, அவ்வளவுதான்.

துவரை முதல் ஒன்றரை மாதம் மெதுவாகத்தான் வளரும், ராகியோடு போட்டிக்கு வராது. ராகி அறுத்த பிறகு ஆணிவேர் ஆழத்து ஈரத்தையும் ஐப்பசி மழையையும் பிடித்துப் பூக்கும். ஆனி மழை பொய்த்து ராகி கருகினாலும் துவரை நிற்கும். மொத்த வரவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

"நாங்களும் போட்டோம், வரவில்லை" என்பீர்கள், விவசாயிகளே. எப்படிப் போட்டீர்கள்? இரண்டையும் கலந்து தூவினால் ராகி அறுப்பில் துவரை மிதிபடும். சரிவுக்குக் குறுக்கே 8 வரிசை ராகி, 2 வரிசை துவரை, ஒரே ஈரத்தில் விதைக்க வேண்டும். துவரை விதையை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்த ஆறிய கஞ்சியில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். 45, 50 நாளில் நுனி கிள்ளினால் கிளை கூடும். ராகிக்கு யூரியா போடும்போது துவரை வரிசையில் விழ விடாதீர்கள், இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், பூ குறையும். பாதிச் செடி பூத்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்து, வடிகட்டி மாலையில் அடியுங்கள். காய்ப்புழு உள்ளே புகுந்த பிறகு அடித்துப் பலனில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய நஷ்டம், ராகி அறுத்த மறுநாளே ஊர் ஆடுமாட்டை அவிழ்த்து விடுவது. தை வரை கட்டிப் போட ஊர் சம்மதிக்காவிட்டால் துவரை விதைக்கவே வேண்டாம்.

பன்றியும் யானையும் வரும் என்கிறீர்கள், உண்மைதான். அவகாடோ கன்றை மட்டும் யானை விட்டு வைக்குமா?

அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறையாக அந்த விதையைக் காத்த இருளர், முதுகர், குறும்பர் பழங்குடி மக்கள் முன்னால் நின்று பசிப்பயிர் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

கூட்டத்தில் பேசியவர்களே, உதவ நினைத்தால் அவகாடோ கன்று வேண்டாம். ஊருக்கு ஒரு பருப்பு உடைக்கும் மெஷின் கொடுங்கள். முழுத் துவரையாக விற்கும்வரை வியாபாரி சொல்வதுதான் விலை, ஆதார விலை இந்த மலை ஏறி வருவதில்லை.