தட்டினால் கோழையா? பரவும் குரல்பதிவுக்கு விளக்கம்

"எம்எம்ஏ-வுல விதியே கிடையாது, கழுத்தைப் பிடிச்சா சாகுறவரைக்கும் விடமாட்டான், தட்டுறவன் கோழை." கீழக்கரை, மண்டபம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல்பதிவு இது. எம்எம்ஏ என்பது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. தட்டுவது என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு, பிடியை விடச் சொல்லும் சைகை. குரல்பதிவு சொல்லும் மூன்றுமே தவறு.

விதி உண்டு. சுற்றுக்கு 5 நிமிடம். 3 சுற்று, பட்டப் போட்டிக்கு 5. கண்ணைக் குத்துவது, கடிப்பது, பின்மண்டையில் அடிப்பது எல்லாம் தடை.

பின்னாலிருந்து போடும் கழுத்துப்பூட்டு மூச்சுக்குழலை நெரிப்பதற்கு அல்ல. முழங்கை மடிப்பு எதிராளியின் தாடைக்கு நேரே வரவேண்டும். அப்போதுதான் கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் அழுந்தும். சரியாக விழுந்தால் 10 நொடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். முன்கை எலும்பு தொண்டைக்கு நடுவில் ஏறினால் அது பிழையான பூட்டு: வலி அதிகம், குரல்வளைக்கும் ஆபத்து. நினைவு தப்பிய பிறகும் பிடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. நடுவர் பக்கத்திலேயே நிற்பது அதற்காகத்தான்.

கடற்கரை மணலில் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். மணலில் தட்டினால் சத்தமே வராது. எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். கை மாட்டிக்கொண்டால் வாயால் சொல்லுங்கள். (எதிராளி தட்டியதும் பிடியை விட்டுவிடுங்கள். கபடியில் பிடித்த பழக்கத்தில் விடாமல் தொங்குவது இங்கே ஆகாது.)

கோழைத்தனமா? 2004-இல் எம்எம்ஏ வீரர் ஜார்ஜ் செயின்ட் பியர், எதிராளி மேட் ஹியூஸின் கைப்பூட்டில் முதல் சுற்று முடிய 1 நொடி இருக்கும்போது தட்டினார். 2006-இல் அதே ஹியூஸை வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார். 2007-இல் கைப்பூட்டில் பணிந்தவர் ஹியூஸ்.